நீல ஃபைலும் ஒரு வாட்ச்சும்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். எனக்கு 45 வயது. தாம்பரத்தில் குடியிருக்கிறோம். மகள் பிளஸ் டூ, மகன் ஏழாவது. 74 வயது மாமியாரும் எங்களோடுதான். கணவர் ஒரு தனியார் கம்பெனியில் 19 வருஷமாக அக்கவுண்ட்ஸ் பார்க்கிறார். இந்த மார்கழி முழுக்க நான் பட்ட பாட்டை யாரிடமாவது கொட்டித் தீர்க்காவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போல இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

கல்யாணமாகி 20 வருஷத்தில் என்னை எங்கேயும் அழைத்துப் போகாத மனிதர் அவர். பிள்ளைகளை வண்டலூர் பூங்காவுக்குக் கூட்டிப் போனதே நான்தான். நாலு நாள் சேர்ந்தாற்போல் லீவு போடச் சொன்னால், டிசம்பரில் முடியாது, மார்ச்சில் முடியாது, ஆடிட்டர் வருகிறார் என்பார். அப்பேர்ப்பட்டவர் இந்த மார்கழியில் திடீரென்று ஊர் ஊராகக் கிளம்பிவிட்டார். சந்தோஷப்பட வேண்டியதுதானே என்று நினைப்பீர்கள். யாரை அழைத்துக்கொண்டு என்று கேளுங்கள். அவர் அம்மா, அவர் தங்கை, தங்கை புருஷன், தங்கை பிள்ளை. நானும் என் பிள்ளைகளும் ஒட்டுக்குப் போனது மாதிரி.

முதலில் மார்கழி அமாவாசைக்கு ராமேஸ்வரம். மாமனாருக்குத் தர்ப்பணம் கொடுக்க வேண்டுமாம். மாமனார் போய் 11 வருஷம் ஆகிறது, இத்தனை நாள் வராத ஞாபகம். மகளுக்கு அரையாண்டுப் பரீட்சை நடக்கிறது என்று அழாத குறையாகச் சொன்னேன். அவளை என் அம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். பாம்பன் புதுப் பாலத்தை ரயிலில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று மகன் ஆசையாக இருந்தான். ரயில் போய்ச் சேர்ந்தது விடியும் முன்னால், இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. 22 தீர்த்தமும் ஆட வேண்டும் என்று மாமியார் பிடிவாதம். ஈரப் புடவையோடு, பல்லெல்லாம் கிடுகிடுக்க, அவர் கையைப் பிடித்து ஒவ்வொரு கிணறாக நடத்தியது நான். நாத்தனார் எட்டுக் கிணற்றோடு ரூமுக்குப் போய்விட்டார். அவரை ஒரு வார்த்தை கேட்பார் இல்லை.

பரீட்சை லீவு விட்டதும் வேன். டிசம்பர் 28-லிருந்து ஒரு வாரம், வாடகை மட்டும் 42,000 ரூபாய். பணம் ஏது என்று கேட்டால் “இருக்கு” என்கிறார், அவ்வளவுதான். திருச்சியில் நாத்தனார் வீட்டில் தங்கி, வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம். ரத்தினங்கியில் நம்பெருமாளைப் பார்த்த அந்த அரை நிமிஷம் நான் எல்லாவற்றையும் மறந்தேன், அதை மறைக்க மாட்டேன். அப்புறம் திருவிடைமருதூரில் அவருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த வாத்தியார் வீடு. காலில் விழுந்து எழுந்தார். மயிலாடுதுறையில், ஒரு மனைத் தகராறில் எட்டு வருஷமாகப் பேச்சே இல்லாத சிநேகிதர் வீடு. எங்களை ஒன்றரை மணி நேரம் வேனிலேயே உட்கார வைத்துவிட்டு அவரோடு பேசிக்கொண்டிருந்தார். கடைசியாக ஆருத்ரா தரிசனத்துக்குச் சிதம்பரம். என் மகள் கூட்டத்துக்கு நடுவில் பிசிக்ஸ் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திருவாதிரைக் களி கூட நாத்தனார் கிண்டியதுதான் களியாம். நான் கிண்டினால் கட்டி தட்டுகிறதாம். இதையும் வேனில் எல்லார் முன்னாலும்தான் சொன்னார் என் மாமியார்.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொண்டேன். திருச்சியில் கிளம்பும்போது, 20 வருஷமாகக் கையில் கட்டியிருந்த எச்எம்டி வாட்ச்சைக் கழற்றி நாத்தனார் பிள்ளைக்குக் கட்டிவிட்டார். எங்கள் கல்யாணத்துக்கு என் அப்பா போட்டது அது. எனக்கும் ஒரு மகன் இருக்கிறான் அல்லவா? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? “அவனுக்கு ரொம்ப நாளா ஆசை” என்றார். அவ்வளவுதான்.

வீட்டில் இருந்த நாட்களும் இதே கதைதான். மார்கழி என்பதால் நாலரைக்கு எழுந்து கோலம் போடுவேன். இந்த வருஷம் நான் கதவைத் திறந்தால், அவர் மூன்று மணிக்கே எழுந்து வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார். வாசலைக்கூடத் தெளித்து வைத்துவிடுகிறார். அதற்கும் என் தலைதான் உருள்கிறது. “என் பிள்ளையை வாசல் தெளிக்க விட்டுட்டு இவ தூங்கறா” என்று மாமியார் பக்கத்து வீட்டம்மாவிடம் சொல்கிறார். நானா தெளிக்கச் சொன்னேன்?

அவரைக் கெட்டவர் என்று சொல்லவே மாட்டேன். குடி கிடையாது, பொறுப்பானவர். கார்த்திகைக் கடைசியில், இன்ஷூரன்ஸ், வீட்டுப் பத்திரம், பிஎஃப் நாமினி பேப்பர் எல்லாவற்றையும் ஒரு நீல ஃபைலில் அடுக்கி, பேங்க் பாஸ்வேர்டுகளை ஒரு நோட்டில் எழுதி, என்னை உட்கார வைத்து ஒரு மணி நேரம் விளக்கினார். “எல்லாம் ஒரே இடத்துல இருந்தா உனக்குக் கஷ்டம் இருக்காது” என்றார். புரட்டாசியில் அவரோடு வேலை பார்த்த ஒருவர் மாரடைப்பில் போய்விட்டார். அவர் மனைவி ஒரு விவரமும் தெரியாமல் பேங்க் பேங்காக அலைந்தாராம், அதனால் இருக்கும். எனக்குத் தூக்கம் கண்ணைச் சொக்கியது. சரி, அது கிடக்கட்டும். நான் கேட்க வந்தது, அம்மா வீட்டு மனிதர்களுக்கு இத்தனை செய்கிறவருக்குக் கட்டின மனைவியின் மனசு மட்டும் ஏன் புரியவில்லை? அந்த வாட்ச்சைத் திருப்பிக் கேட்டு வாங்கினால் தப்பா? பொங்கலிலிருந்து நான் அவரிடம் சரியாகப் பேசுவதில்லை. இப்படியே இருந்தால்தான் புரியும் என்று தோன்றுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

— பெயர் வேண்டாம், தாம்பரம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே மின்னஞ்சலில் நாலு வரி எழுதினேன். அச்சில் வரும்வரை காத்திருக்கிற விஷயம் அல்ல இது. அந்த நாலு வரியில் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன். இதே மாதிரி ஒரு ஃபைல் இன்னொரு வீட்டிலும் இருக்கலாம்.

வாட்ச் உங்கள் கடிதத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. நாத்தனார் பாராவுக்கு ஒரு முறை வருகிறார். நீல ஃபைல் ஒரே ஒரு இடத்தில் வருகிறது, அதையும் “கிடக்கட்டும்” என்று தள்ளிவிட்டீர்கள். எனக்கு அங்கிருந்து நகரவே முடியவில்லை. “உனக்குக் கஷ்டம் இருக்காது” என்று சொன்னார் என்கிறீர்கள். 20 வருஷம் ஒரே கூரையின் கீழ் குடும்பம் நடத்தியவர், வீட்டுக் காரியம் என்றால் “நமக்கு” என்றுதான் இயல்பாகச் சொல்வார். இதில் “உனக்கு” என்று வந்திருக்கிறது. ஆயுள் முழுக்கக் கணக்கு எழுதுகிற மனிதர், அந்தக் கணக்கில் தன்னைச் சேர்க்கவில்லை.

கூட வேலை பார்த்தவரின் சாவு அவரை உலுக்கியிருக்கலாம். அந்த விதவைப் பெண் அலைந்ததைப் பார்த்து, என் மனைவி இப்படி நிற்கக் கூடாது என்று ஃபைல் போட்டிருக்கலாம். ஃபைல் மட்டும் என்றால் நானும் அவரைப் பாராட்டிவிட்டு, வாட்ச் விஷயத்துக்குப் போயிருப்பேன். ஆனால் அதோடு சேர்ந்து மற்றவையும் இருக்கின்றன. டிசம்பரில் நகரவே முடியாத மனிதருக்கு இத்தனை நாள் லீவு எப்படிக் கிடைத்தது? 42,000 ரூபாய் எங்கிருந்து வந்தது? எட்டு வருஷப் பகையை ஏன் இப்போது தீர்த்துக்கொண்டார்? வாத்தியார் காலில் ஏன் இப்போது விழுந்தார்? 11 வருஷம் கழித்து அப்பாவுக்குத் தர்ப்பணம், கையை விட்டு இறங்காத வாட்ச் இன்னொரு பிள்ளையின் கையில். நீங்கள் இதை உல்லாசப் பயணமாகப் பார்த்து, அதில் உங்களுக்குப் பங்கு குறைந்தது என்று வருந்துகிறீர்கள். எனக்கு அது ஒருவர் வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டு கிளம்புவது போலத் தெரிகிறது.

பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. மூன்றில் ஏதோ ஒன்றாக இருக்கலாம். அவர் வேலை போயிருக்கலாம், கைக்கு வந்த பணத்தில் இந்த மாதம் நடந்திருக்கலாம். பொங்கலுக்குப் பிறகு அவர் ஆபீஸ் போகிறாரா இல்லையா என்பது கூட உங்கள் கடிதத்தில் இல்லை. உடம்பில் ஏதோ இருப்பதாக ஒரு டாக்டர் சொல்லி, அதை மனதில் போட்டுப் பூட்டியிருக்கலாம். அல்லது, நாம் இல்லாவிட்டாலும் இவர்கள் சமாளித்துக்கொள்வார்கள் என்ற இடத்துக்கு அவர் மனசு போயிருக்கலாம். எது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முடிந்தவர் நீங்கள்தான். மூன்றில் எதுவானாலும், அவரோடு பேசாமல் இருப்பதுதான் நீங்கள் செய்யக் கூடிய மிக மோசமான காரியம்.

உங்கள் கோபத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. ஈரப் புடவையோடு 22 கிணறு நடந்தவரிடம் ஒருவரும் நன்றி சொல்லவில்லை என்பது உண்மையான வலி. எங்கே போகலாம் என்று 20 வருஷமாக உங்களை யாரும் கேட்கவில்லை என்பது அதை விடப் பெரிய வலி. அந்தப் பேச்சு ஒரு நாள் உங்கள் வீட்டில் நடந்தே ஆக வேண்டும். ஆனால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, வருந்தாதீர்கள். யார் எந்தக் கிணற்றில் திரும்பினார், யார் களியை யார் புகழ்ந்தார் என்று எல்லாம் உங்களுக்கு நினைவிருக்கிறது. அவர் சாப்பிட்டாரா, தூங்கினாரா, முகம் எப்படி இருந்தது என்று ஒரு வரி இல்லை.

இல்லை, ஒரு இடத்தில் இருக்கிறது. வராந்தா. மார்கழிப் பனியில், ஊர் உறங்குகிற மூன்று மணிக்கு, ஒருவர் தூக்கம் போய் உட்கார்ந்திருக்கிறார். பிறகு எழுந்து, பக்கெட்டில் தண்ணீர் பிடித்து, தன் வாழ்நாளில் தெளித்திராத வாசலைத் தெளிக்கிறார், மனைவி எழுந்து வருவதற்குள். இது உங்களுக்கு மாமியார் பேசிய ஒரு சொல்லாக மட்டுமே வந்து சேர்ந்திருக்கிறது. வழக்கமான நேரத்துக்கு வெகு முன்பே விழிப்பு வந்து, மறுபடி கண்ணயர முடியாமல் போவது மனச்சோர்வின் முக்கியமான அறிகுறிகளில் ஒன்று. உங்கள் மாமியாரும் அதைப் பார்த்திருக்கிறார். மகன் ராத்திரியில் எழுந்து உட்கார்வது அந்தத் தாய்க்கு உறுத்தியிருக்கிறது. அவர் வாயில் அது மருமகளைப் பற்றிய குறையாக வந்துவிட்டது. இந்த ஒரு விஷயத்தில் நீங்கள் இருவரும் ஒரே பக்கம். அவரிடம் தனியாகக் கேட்டுப் பாருங்கள், எத்தனை நாளாக இப்படி என்று உங்களை விடச் சரியாகச் சொல்லக்கூடும்.

நம் ஊர் ஆண்கள் அழுவதில்லை, சொல்வதில்லை. பத்திரங்களை ஒழுங்குபடுத்துகிறார்கள், கடனை அடைக்கிறார்கள், எல்லாரையும் கோயிலுக்கு அழைத்துப் போகிறார்கள். நாமும் பொறுப்பானவர் என்று நிம்மதியாக இருந்துவிடுகிறோம். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கில், நாட்டில் தற்கொலை செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் ஆண்கள்.

அதனால் கேளுங்கள். ஏன் கொடுத்தீர்கள், ஏன் செலவழித்தீர்கள் என்று அல்ல. “ராத்திரியெல்லாம் முழிச்சே இருக்கீங்களே, மனசுல என்ன ஓடுது?” என்று தொடங்குங்கள். அவர் “ஒண்ணுமில்ல” என்பார். எழுந்து வந்துவிடாதீர்கள். “அந்த ஃபைலைப் பார்த்ததுல இருந்து எனக்குப் பயமா இருக்கு. செத்துப்போயிடலாம்னு ஏதாவது தோணுதா உங்களுக்கு?” என்று அந்த வார்த்தையைச் சொல்லியே கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று எல்லாரும் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. பல மாதமாகத் தனியாகச் சுமந்ததை இறக்கி வைக்க ஒருவர் கேட்டாரே என்ற ஆறுதல்தான் பெரும்பாலும் வரும்.

ஆமாம் என்றால், “எங்களை நினைச்சுப் பார்த்தீங்களா” என்று கத்தாதீர்கள். பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் வாங்காதீர்கள். அது அவர் வாயை மறுபடி அடைத்துவிடும். அவரைத் தனியே விடாமல், அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், அரசு மருத்துவமனையிலும் அந்தப் பிரிவு உண்டு. எந்த நேரமானாலும் மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416, தமிழக அரசின் உதவி எண் 104 இரண்டும் இலவசம், தமிழில் பேசலாம். சென்னையில் 1986-லிருந்து இயங்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. இந்த எண்கள் அவருக்கு மட்டும் அல்ல, பயந்து போயிருக்கும் உங்களுக்கும்தான்.

வேலைதான் போயிருக்கிறது என்றால், “என்கிட்ட ஏன் மறைச்சீங்க” என்பது உங்கள் முதல் வாக்கியமாக இருக்க வேண்டாம். அதைக் கேட்க வேறொரு நாள் வரும். வாட்ச்சுக்கும் அப்படித்தான். உங்கள் அப்பா போட்ட வாட்ச், உங்களுக்கு அதில் பாத்தியதை இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை.

இன்னும் அவரிடம் பேசவில்லை என்றால் இன்று ராத்திரி அலாரத்தை நாலரைக்கு வைக்காதீர்கள், மூன்றுக்கு வையுங்கள். மார்கழி முடிந்துவிட்டது, கோலத்துக்கு அவசரம் இல்லை. ஒரு சால்வையை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.