புரொப்பேன் ஃபோர்க்லிஃப்ட்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, வீட்டு சிலிண்டரை நிறுத்தி வைக்கிறோம். கிடங்கில் சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியில் மட்டும் ஏன் படுக்க வைக்கிறார்கள்?

பதில்: அடுப்புக்கு சிலிண்டரின் மேல்பக்கம் நிற்கும் ஆவியே போதும். சுமை தூக்கும் எஞ்சினுக்குப் போதாது. அந்த வேகத்தில் ஆவியை உறிஞ்சினால் சிலிண்டர் குளிர்ந்து அழுத்தம் இறங்கிவிடும். அதனால் திரவமாகவே எடுக்கிறோம். உள்ளே ஒரு குழாய் வளைந்து அடிப்பக்கம் வரை போகும். சிலிண்டரின் கழுத்து வளையத்தில் உள்ள துளை, வண்டியில் இருக்கும் முளையில் சரியாக உட்கார வேண்டும். அப்போதுதான் குழாயின் முனை திரவத்துக்குள்ளும், பாதுகாப்பு வால்வு மேலே ஆவியிலும் இருக்கும். புரண்டு கிடந்தால் கேஸ் மிச்சமிருக்கும்போதே வண்டி நின்றுவிடும். அது பரவாயில்லை, அழுத்தம் ஏறினால் பாதுகாப்பு வால்வு ஆவிக்குப் பதில் திரவத்தைக் கக்குமே, அதுதான் வில்லங்கம்.

கேள்வி: அந்தத் திரவம் எங்கே வாயுவாகிறது?

பதில்: ரெகுலேட்டரோடு சேர்ந்த வேப்பரைசரில். புரொப்பேன் −42 டிகிரி செல்சியசிலேயே கொதிக்கும்தான், ஆனால் ஆவியாவதற்கு வெப்பம் வேண்டுமே! எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட், சூடேறி அதற்குள் சுற்றி அந்த வெப்பத்தைத் தருகிறது. அழுத்தம் குறைந்த வாயு மிக்சரில் காற்றோடு கலக்கும், ஸ்பார்க் பிளக் பற்றவைக்கும். மற்றபடி பெட்ரோல் எஞ்சின் மாதிரியேதான்.

கேள்வி: ரெகுலேட்டர் மேல் வெள்ளையாகப் பனி படிகிறது. கேஸ் தீரப்போகிறதா?

பதில்: இல்லை. கூலன்ட் சூடு அங்கே போய்ச் சேரவில்லை. குளிர்காலத்தில் ஸ்டார்ட் செய்த புதிதில் லேசாகப் படிந்தால் விடுங்கள். எஞ்சின் சூடான பிறகும் படிந்தால், அணைத்து ஆறவிட்டு கூலன்ட் அளவைப் பாருங்கள். அப்புறம் கூலன்ட் ஹோஸில் அடைப்பு இருக்கிறதா, கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: டீசலைவிட சுத்தம் என்கிறார்களே, மூடிய கிடங்குக்குள் ஓட்டலாமா?

பதில்: காற்றோட்டம் இருந்தால் ஓட்டலாம். புகை கண்ணுக்குத் தெரியாது என்பதாலேயே ஏமாந்துவிடுகிறோம். கலவை சரியில்லாத எஞ்சின் கார்பன் மோனாக்சைடைத் தள்ளும். அதற்கு மணமும் கிடையாது. ஓட்டுபவருக்குத் தலைவலி, தலைசுற்றல் வந்தால் எல்லோரும் உடனே வெளியே வாருங்கள். காற்றோட்டம் இல்லாத குளிர்பதனக் கிடங்கா? பேட்டரி வண்டி வாங்குங்கள்.

கேள்வி: சிலிண்டர் மாற்றினேன், வால்வைத் திறந்தும் கேஸ் வரவில்லை!

பதில்: படக்கென்று திறந்திருப்பீர்கள். கேஸ் ஒரேயடியாகப் பாய்ந்தால், ஹோஸ் அறுந்ததாக நினைத்து உள்ளே ஒரு வால்வு தானே அடைத்துக்கொள்ளும். மூடி, சற்றுப் பொறுத்து, மெதுவாகத் திறங்கள். அடுத்த முறை கழற்றும் முன் வால்வை மூடிவிட்டு எஞ்சினை ஓடவிடுங்கள். ஹோஸில் மிச்சமிருப்பது எரிந்து தானே நிற்கும். கையுறை கட்டாயம், திரவம் பட்ட இடத்தில் தோல் உறைந்து புண்ணாகிவிடும்.