சில்வண்டுச் சத்தம் பதிவில் மட்டும் மறைவது ஏன்?

பிள்ளைகளோடு சில்வண்டுச் சத்தத்தைப் போனில் பதிந்தபோது, நேரில் கேட்டது பதிவில் இல்லையே, போனில் கோளாறா என்று கேட்டிருந்தீர்கள். போனில் கோளாறு இல்லை. பதிவு செய்யும் செயலிதான் சத்தத்தை அமுக்குகிறது. முதல் இரண்டு நொடி சில்வண்டு கேட்டு, அப்புறம் பிள்ளைகளின் குசுகுசுப்பு மட்டும் மிஞ்சுகிறது என்கிறீர்களே, அதுவே அடையாளம். பேச்சுக்காக அமைந்த செயலிகள் ஒரே சீராக வரும் ஒலியை இரைச்சல் என்று வடிகட்டிவிடும்.

சோதிக்க, குழாயைத் திறந்துவிட்டு அரை நிமிடம் பதியுங்கள். நடுவில் ஒருவர் பேசட்டும். பேச்சு தெளிவாகவும் தண்ணீர் சத்தம் மங்கியும் வந்தால் சந்தேகமே வேண்டாம்.

அமைப்புகளில் இரைச்சல் குறைப்பை அணைத்து, வேவ் (WAV, ஒலியைச் சுருக்காமல் சேமிக்கும் வகை) கோப்பாக, 44.1 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில் (நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்பது) பதியுங்கள். அந்த வீதத்தில் பாதி வரையுள்ள சுருதிதான் பதிவாகும்; 16 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்தால் 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள எதுவும் பதிவாகாது. பல பூச்சிகளின் ஒலி அதையும் தாண்டும். போனை மடித்த துண்டின் மேல் வைத்துவிட்டு எல்லோரும் நாலடி தள்ளி நிற்பது நல்லது. பிஞ்சு விரல் உரசினாலே இடி மாதிரி பதிவாகும்!

ஒன்று: சில போன்களில் இந்த வடிகட்டியை அணைக்கவே முடியாது. அப்போது வேறு பதிவுச் செயலிதான் வழி. பதிவைக் கேட்டுச் சரிபார்ப்பதைப் பிள்ளைகளிடமே விடுங்கள். அவ்வளவு உயர்ந்த சுருதி பெரியவர்கள் காதில் விழாமலும் போகலாம்.