பலகையில் இருக்கும் முன்னாள் மாணவர்கள் எந்த வழியாகப் போனார்கள்?

அன்புள்ள அம்மா,

நீங்கள் அனுப்பிய கடிதத்தையும் அதனுடன் வைத்திருந்த ஒளிப்படத்தையும் பார்த்தேன். எட்டாம் வகுப்பில் படிக்கும் உங்கள் மகனை ஊரிலுள்ள அரசுப் பள்ளியிலிருந்து மாற்றி, எழுபது கிலோமீட்டருக்கு அப்பால் விடுதியுடன் இயங்கும் ஒரு தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சேர்க்க எண்ணியிருக்கிறீர்கள். அந்தப் பள்ளியின் வாசலில் கட்டியிருக்கும் ஃபிளெக்ஸ் பலகையில் முன்னாள் மாணவர்களான மருத்துவர்களும் பொறியாளர்களும் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருப்பதே அதற்கு முதல் காரணம் என்றும், நகையை அடகு வைத்தாவது முதல் தவணையைக் கட்டிவிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பையனுக்கு ராக்கெட் என்றால் உயிர் என்பதை மட்டும் கடைசியில், தாளின் ஓரத்தில், சிறிய எழுத்தில் சேர்த்திருந்தீர்கள். நான் அந்த வரியிலிருந்து தொடங்குகிறேன்.

ராக்கெட் துறையில் உச்சிக்குச் சென்ற நம் ஊர்க்காரர்கள் எந்தப் பள்ளிகளின் முன்னாள் மாணவர்கள் என்பதைப் பார்ப்போம். சந்திரயான்-1 திட்ட இயக்குநராக இருந்த மயில்சாமி அண்ணாதுரை, பொள்ளாச்சியை அடுத்த கோதவாடி என்னும் சிற்றூரில் பிறந்து அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர். 2018 முதல் 2022 வரை இஸ்ரோவின் தலைவராக இருந்த சிவன், நாகர்கோவிலுக்கு அருகே சரக்கல்விளையில் ஒரு விவசாயியின் மகனாகப் பிறந்து, அங்கேயே அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பயின்றவர். சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 திட்டத்தை நடத்திய நிகர் ஷாஜி, செங்கோட்டை அரசு மகளிர் பள்ளியில் படித்தவர். 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவின் தென்துருவத்தை ஒட்டிய பகுதியில் சந்திரயான்-3 இறங்கியபோது அதன் திட்ட இயக்குநராக இருந்த வீரமுத்துவேல், விழுப்புரம் ரயில்வே பள்ளியின் மாணவர். இவர்களில் ஒருவரும் பிள்ளைப் பருவத்தில் பெயர்பெற்ற பள்ளியைத் தேடி ஊர்விட்டு ஊர் போனவர் அல்லர்.

இதைச் சொல்வதால், அரசுப் பள்ளியில் படித்தாலே போதும், எல்லாம் தானாக நடந்துவிடும் என்று நான் கூறுவதாக எண்ணிவிடாதீர்கள். அதே வகுப்பறைகளில் இவர்களுடன் ஒரே பெஞ்சில் அமர்ந்திருந்த பலர் இன்று வேறு வேறு தொழில்களில் இருக்கிறார்கள். முன்னாள் மாணவர் பட்டியல் எந்தப் பள்ளியுடையதாக இருந்தாலும் அது தேர்ந்தெடுத்த பட்டியல்தான். அதில் பெயர் இருப்பவரை மட்டும் பார்த்துவிட்டுப் பள்ளியை எடைபோட்டால் தவறாகவே முடியும். நான் படித்த பள்ளியில் தலைமையாசிரியர் அறைக்கு வெளியே, கறுப்பு மரப்பலகையில் வெள்ளை வண்ணத்தால் ஆண்டுதோறும் முதல் மதிப்பெண் எடுத்தவர்களின் பெயரை எழுதிவைப்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன் பழைய மாணவர்கள் கூடியபோது அந்தப் பலகையின் முன்னே நின்று பேசிக்கொண்டிருந்தோம். எங்கள் வகுப்பில் ஒருவர் மின்வாரியத்தில் லைன்மேன்; ஒருவர் வெளிநாட்டு மருத்துவமனையில் செவிலியர்; இன்னொருவர் அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்து ஏழெட்டுப் பேருக்குச் சம்பளம் கொடுக்கிறார். மூவர் வீட்டிலும் பிள்ளைகள் பட்டப்படிப்பு வரை வந்துவிட்டார்கள். மூவரின் பெயரும் அந்தப் பலகையில் இல்லை. ஒரு பள்ளி தன் மாணவர்களுக்கு என்ன செய்தது என்பதை அறிய விரும்பினால், பலகையில் ஏறாத இந்த நடுவரிசைக்காரர்களைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றியது. இன்றும் பெற்றோரிடம் அதையே சொல்கிறேன்.

ஆகவே நீங்கள் சேர்க்க நினைக்கும் பள்ளிக்கு மறுபடி போகும்போது, பலகையில் இருப்பவர்கள் எந்த வகுப்பில் அங்கே சேர்ந்தார்கள் என்று கேளுங்கள். பத்தாம் வகுப்பில் வேறு பள்ளியில் உயர்ந்த மதிப்பெண் எடுத்த பிள்ளைகளைக் கட்டணச் சலுகை கொடுத்து பதினொன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அப்படி இரண்டே ஆண்டுகள் படித்துப் போனவரின் வெற்றியில், அவருக்குப் பத்தாண்டுகள் பாடம் சொன்ன சிற்றூர்ப் பள்ளியின் பங்கே பெரிது. அத்துடன், மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன் படிப்பை முடித்த, நடுத்தர மதிப்பெண் எடுத்த ஒரு மாணவரின் பெற்றோரிடம் பேச வாய்ப்புத் தர முடியுமா என்றும் கேளுங்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன் படித்த புகழ்பெற்றவரை விட அவர்தான் உங்கள் மகனின் நிலைக்கு நெருக்கமானவர்.

நான் மேலே குறிப்பிட்டவர்களின் வரலாற்றில் பள்ளியின் பெயரைக் காட்டிலும் நாம் ஊன்றிப் பார்க்க வேண்டியது, அவர்கள் பள்ளியை விட்டபின் சென்ற வழிகளை. அண்ணாதுரை பொள்ளாச்சியில், பள்ளி முடித்தவர்கள் அந்நாளில் கல்லூரியில் ஓராண்டு படித்த புகுமுக வகுப்பை முடித்து, கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியலும் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் முதுநிலையும் படித்து 1982-இல் இஸ்ரோவில் சேர்ந்தார். பொறியியல் படிக்க ஆசைப்பட்ட சிவனுக்கு வீட்டு நிலைமை முதலில் இடம் கொடுக்கவில்லை. நாகர்கோவில் இந்துக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் படித்தார். அதன் பிறகுதான் சென்னை குரோம்பேட்டையிலுள்ள எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரியில் வானூர்திப் பொறியியலில் சேர்ந்து 1980-இல் முடித்தார். கல்லூரி முடியும் வரை வேட்டி கட்டியே வகுப்புக்குப் போனதையும், எம்.ஐ.டி.க்கு வந்தபோதுதான் முதன்முதலாகப் பேன்ட் அணிந்ததையும் அவரே சொல்லியிருக்கிறார். வீரமுத்துவேல் பத்தாம் வகுப்புக்குப் பின் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் டிப்ளமோ முடித்து, அதன்வழியே பொறியியல் பட்டத்துக்கும், பின்னர் திருச்சியில் முதுநிலைக்கும், சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டத்துக்கும் போனவர். 2025 ஜனவரியில் இஸ்ரோவின் தலைவரான நாராயணனும் குமரி மாவட்டத்து மேலக்காட்டுவிளையிலிருந்து டிப்ளமோ வழியாக வந்தவர். சில தொழிற்சாலைகளில் பணியாற்றிவிட்டு 1984-இல் இஸ்ரோவில் சேர்ந்து, வேலையில் இருந்துகொண்டே பொறியியல் பட்டத்துக்கு இணையான ஏ.எம்.ஐ.இ. தேர்வை முடித்து, கரக்பூர் ஐ.ஐ.டி.யில் கிரையோஜெனிக் (மிகக் குளிர்நிலைத் தொழில்நுட்பப்) பொறியியலில் எம்.டெக். பட்டத்தை முதலிடத்துடன் பெற்றார்.

டிப்ளமோ என்றாலே மதிப்பெண் குறைந்த பிள்ளைகளுக்கு என்று நம் வீடுகளில் ஒதுக்கிவிடுகிறோம். இரு டிப்ளமோ மாணவர்களில் ஒருவர் நிலவில் கலம் இறங்கும் திட்டத்தை நடத்தினார், மற்றவர் நிறுவனத்துக்கே தலைவரானார் என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் தயவுசெய்து சொல்லுங்கள். இன்றும் டிப்ளமோ முடித்தவர்கள் பொறியியல் படிப்பில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரத் தனிக் கலந்தாய்வு நடக்கிறது.

ஆனால் முன்னாள் மாணவர் சென்ற வழியை அப்படியே பின்பற்றவும் முடியாது, ஏனெனில் சில வழிகள் காலத்தோடு மாறிவிட்டன. புகுமுக வகுப்பு போய், 1978 முதல் மேல்நிலைக் கல்வி வந்துவிட்டது, பி.எஸ்சி. முடித்தவர்களுக்கு எம்.ஐ.டி. அந்நாளில் நடத்திய மூன்றாண்டுப் பொறியியல் படிப்பும் இப்போது அந்த வடிவில் இல்லை. அதற்கு ஈடாகப் புதிய வழிகள் உள்ளன. 2007-இல் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்ட இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தில் ஐ.ஐ.டி.களில் சேர எழுதும் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு நுழைவுத் தேர்வின் மதிப்பெண் அடிப்படையில் சேரலாம். அது எட்டாவிட்டால், எந்த அங்கீகரிக்கப்பட்ட கல்லூரியில் பொறியியல் படித்தாலும் 65 விழுக்காடு இருந்தால் இஸ்ரோவின் விஞ்ஞானி-பொறியாளர் தேர்வை எழுதலாம். அங்கே டிப்ளமோவுக்கும் ஐ.டி.ஐ.க்கும் தனித்தனிப் பணியிடங்கள் உண்டு.

இனி நகையைப் பற்றி. அப்துல் கலாமுக்கும் அவருடைய அக்கா சோகரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துத்தான் பணம் கொடுத்தார். அது எப்போது என்பதை மட்டும் கவனியுங்கள்: இராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியும் திருச்சி புனித வளனார் கல்லூரியும் முடிந்து, தனக்கு என்ன வேண்டும் என்று அவருக்கே தெளிந்து, எம்.ஐ.டி.யில் இடமும் கிடைத்து, கட்டணம் ஒன்றே குறுக்கே நின்ற நேரத்தில். உங்கள் மகனுக்கு இப்போது பதின்மூன்று வயது. அந்த நகை தேவைப்படும் நாள் இன்னும் வரவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

பள்ளியை மாற்றினால் அவன் இழக்கக்கூடியதையும் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அந்தத் தனியார் பள்ளியில் இதை உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றில் 2021 முதலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. அந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. உயர்கல்விக்குப் போகும்போது மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டமும் உண்டு. ஒன்பதாம் வகுப்பில் தனியார் பள்ளிக்குப் போய்விட்டால் இவை கையைவிட்டுப் போகும். பிறகு மனம் மாறித் திரும்பி வந்தாலும் இடையில் விட்ட ஆண்டு விட்டதுதான். எட்டாம் வகுப்பு மாணவர்கள் எழுதும் தேசிய வருவாய்வழி, திறன் படிப்புதவித் தொகைத் தேர்வில் தேறினால், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். அதுவும் அரசுப் பள்ளியிலும் உதவிபெறும் பள்ளியிலும் படிப்பவர்களுக்கு மட்டுமே. ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை இஸ்ரோ தன் மையங்களுக்கே அழைத்துப் பயிற்சி கொடுக்கும் யுவிகா திட்டத்தின் தேர்வில், எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணோடு, ஊராட்சிப் பகுதிப் பள்ளியில் படிப்பதற்கும் தனி மதிப்பெண் தருகிறார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும், உங்கள் ஊர்ப் பள்ளியில் கணக்குக்கு ஆசிரியர் இல்லை, ஆய்வகம் பூட்டியே கிடக்கிறது என்பது உண்மையானால், அதை நான் சிறிதாக நினைக்கவில்லை. மாற்றுவதற்கு அது ஒன்றே போதிய காரணம். ஆனால் அப்போதும் முதலில் பக்கத்து ஊர் அரசு மேல்நிலைப் பள்ளிகளைப் பாருங்கள். உங்கள் பள்ளியின் பழைய மாணவர்களையும் தேடுங்கள். வீரமுத்துவேல், தமிழ்நாடு அரசு 2023-இல் தமக்கு அளித்த 25 லட்சம் ரூபாயைத் தாம் படித்த கல்வி நிறுவனங்களுக்கே பகிர்ந்து கொடுத்தார். அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், சனிக்கிழமைகளில் வந்து கணக்குச் சொல்லித்தர ஒருவரேனும் உங்கள் ஊரில் இருப்பார். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நீங்களே அதைக் கேட்கலாம்.

திங்கட்கிழமை தலைமையாசிரியரைப் பார்த்து, படிப்புதவித் தொகைத் தேர்வுக்கு மகனின் பெயர் சேர்க்கப்பட்டுள்ளதா என்று கேட்டு எனக்குத் தெரிவியுங்கள். மாற்றுச் சான்றிதழுக்கு இப்போதைக்கு எழுதிக்கொடுக்க வேண்டாம். அடுத்த முறை வரும்போது பையனையும் அழைத்து வாருங்கள். மதிப்பெண் பட்டியல் தேவையில்லை, ஏழாம் வகுப்புக் கணக்கு நோட்டையும் எட்டாம் வகுப்புக் கணக்கு நோட்டையும் எடுத்து வந்தால் போதும்.