நீங்கள் மாமியாராகப் பேசிப் பாருங்கள்

கேள்வி: அக்கா, எனக்கு 31 வயது. மன்னார்குடி பக்கம் கிராமம். பி.எட். முடித்துவிட்டு ஆறு வருஷமாக வீட்டில் இருக்கிறேன். சித்திரையிலிருந்து போனில் ஏஐ கேரக்டர்களோடு பேசி விளையாடும் பழக்கம் வந்திருக்கிறது. ராஜராஜ சோழனைத் தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார வைத்துக் கதை கேட்பேன். ஒரு நாட்டாமையை உருவாக்கி, என்னைக் கடித்த கொசுவை அவர் முன்னால் நிறுத்தி வழக்குப் பேசினேன், சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம் என் மாமியார் மாதிரி ஒரு கேரக்டர். கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் வேலை கிடைக்கும்போல இருக்கிறது, பையனை அவரிடம் விட்டுவிட்டுப் போக வேண்டும், எப்படிக் கேட்பது என்று ஒத்திகை பார்த்தேன். போன் மாமியார் நாலே வரியில் சரி என்றுவிட்டார். நிஜ மாமியாரிடம் பேச்சை எடுத்தேன், பாதியில் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். ராத்திரி பதினோரு மணிக்கு நான் தனியாகச் சிரிப்பதைப் பார்த்து, உனக்கு என்னமோ ஆயிடுச்சு என்கிறார் கணவர். நிஜமாகவே ஏதாவது ஆகிவிட்டதா? ஒன்பது வயது பையனும் விளையாடக் கேட்கிறான், விடலாமா?

பதில்: உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை தங்கச்சி. கொசு வழக்கைப் படித்ததும் எனக்குத் தோன்றியது, ஆறு வருஷமாக வகுப்பறை கிடைக்காத ஒரு டீச்சர் உள்ளே தவித்துக்கொண்டிருக்கிறார் என்பதுதான்.

வேடம் கட்டிப் பேசுவது நம் பக்கத்துக்குப் புதுசா என்ன? பாபநாசத்துக்குப் பக்கத்தில் மெலட்டூரில் வருஷா வருஷம் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி பாகவத மேளா என்கிற நாட்டிய நாடகம் நடக்கிறது, பெண் வேடமும் ஆண்களே கட்டுவார்கள். பிரகலாதன் கதையில் நரசிம்மராக வருகிறவர் அன்றைக்கு விரதம் இருந்து, பூஜையில் இருக்கும் முகமூடியை எடுத்துப் போட்டுக்கொள்வார், போட்டதும் ஆவேசம் வந்துவிடும், அவரை அடக்கிப் பிடித்துக்கொள்ளக் கூடவே ஆட்கள் நிற்பார்கள். அந்த ஆட்கள் நிற்கிற தைரியத்தில்தான் அவரால் வேடத்துக்குள் அவ்வளவு தூரம் போக முடிகிறது என்று நான் நினைக்கிறேன். நீங்கள் எல்லோரும் தூங்கிய பிறகு, போன் வெளிச்சத்தில், தனியாகப் போகிறீர்கள். உங்கள் கணவரை உறுத்துவது அதுவாகத்தான் இருக்கும். நாளைக்கு ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் உட்கார்ந்து அந்தக் கொசு வழக்கை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள், கொசுவுக்கு வக்கீலாக அவரை வாதாடச் சொல்லுங்கள்.

எனக்கு மட்டும்தான் இப்படியா என்றும் கவலைப்பட வேண்டாம். 1966லேயே அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஜோசப் வைசன்பாம் என்பவர் எலைசா என்று ஒரு சின்ன புரோகிராம் எழுதி வெளியிட்டார். நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும், கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதை அவர் மாசக்கணக்கில் எழுதியதைப் பக்கத்திலிருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதோடு கொஞ்ச நேரம் பேசியதும், அறையை விட்டு வெளியே போகும்படி அவரைக் கேட்டுக்கொண்டாராம். திருப்பிப் பேசுகிற எதோடும் நம் மனசு ஒட்டிக்கொள்ளும், அது மனுஷ சுபாவம்.

டீக்கடை ராஜராஜனைத் தொடருங்கள், எனக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்தது. ஆனால் பெரிய கோவில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று அவர் பெருமையடித்தால் நம்பிவிடாதீர்கள். வெயில் இருக்கிற ஒரு சாயங்காலம் போய்ப் பாருங்கள், நிழல் பிராகாரத்தில் நீளமாகப் படுத்திருக்கும். எங்கெங்கோ எழுதிக் கிடப்பதைப் படித்து, அடுத்து என்ன சொல் வரும் என்று கணித்துக் கோர்ப்பதுதான் அந்தப் புரோகிராமின் வேலை, அதனால் ஊரெல்லாம் திரும்பத் திரும்பச் சொன்ன தப்பு ராஜா வாயிலிருந்தே கம்பீரமாக வரும். நிஜ ராஜராஜன் பேச்சு அந்தக் கோவில் சுவரிலேயே இருக்கிறது. நாம் கொடுத்தனவும், அக்கன் கொடுத்தனவும், நம் பெண்டுகள் கொடுத்தனவும், மற்றும் கொடுத்தார் கொடுத்தனவும் கல்லிலே வெட்டுக என்று சொல்கிறார். தன் பேரோடு அக்கா குந்தவையின் கொடையையும் சேர்த்து வெட்டச் சொன்ன மனிதர். அந்த வரியை முதலில் உள்ளே போட்டுவிட்டு, இதிலிருந்து பேசு என்று சொல்லிப் பாருங்கள். நாளைக்கு வகுப்பிலும் உதவும்.

சரி, மாமியார் விஷயத்துக்கு வருகிறேன்.

போன் மாமியார் நாலு வரியில் சம்மதித்ததில் ஆச்சரியமே இல்லை. நம்மைத் திருப்திப்படுத்தும் பதில் பக்கமே சாய்கிற மாதிரிதான் இவற்றைப் பழக்கியிருக்கிறார்கள். கண்டிப்பான மாமியார் என்று மட்டும் எழுதினால் முதல் இரண்டு வரிக்கு அதட்டும், நீங்கள் கொஞ்சம் அழுத்திச் சொன்னதும் இறங்கிவிடும். பேச்சு நீள நீள, ஆரம்பத்தில் நீங்கள் எழுதி வைத்த குணமும் அதன் பார்வையிலிருந்து நழுவிப்போகும், தமிழை அது ஆங்கிலத்தைவிடப் பொடிப்பொடியாக வெட்டிப் படிப்பதால் நமக்கு இன்னும் சீக்கிரமே நழுவும். அதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. அதற்குப் பேசாமல் இருக்கத் தெரியாது. நீங்கள் ஒன்று தட்டினால் அது ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நம் வீட்டு மாமியார்களின் கோபம் வார்த்தையிலா வருகிறது? டபராவை நங்கென்று வைப்பதில் வரும், கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவுவதில் வரும், பையனைக் கூப்பிட்டு, உங்கம்மாவ சாப்பிட வரச்சொல்லுடா என்பதில் வரும். கொல்லைப்பக்கம் எழுந்து போனதுதான் உங்கள் மாமியார் சொன்ன முதல் பதில், அதற்குப் போன் உங்களைத் தயார் செய்யவே இல்லை.

இன்றைக்கு ஒரு காரியம் செய்யுங்கள். வேடத்தை மாற்றிப் போடுங்கள். நீதான் மருமகள், 31 வயது, வேலைக்குப் போக ஆசைப்படுகிறாய், என்னிடம் அனுமதி கேள், சீக்கிரம் விட்டுக்கொடுக்காதே என்று எழுதிவிட்டு, நீங்கள் மாமியாராக உட்கார்ந்து பதில் சொல்லுங்கள். அவர் பேசுகிற மாதிரியே தட்டுங்கள், எழுத்துத் தமிழ் வேண்டாம். அஞ்சு நிமிஷத்தில் உங்கள் விரல் தானாக என்னென்னவோ எழுதும். சாயங்காலம் நீடாமங்கலம் ரயில்வே கேட்ல பஸ்ஸு நின்னுடுச்சுன்னா புள்ள வாசல்லயே ஒக்காந்திருக்கணுமா, எனக்கு முட்டி வலிக்குது அவன் பின்னால யாரு ஓடுறது, நாலு பேரு என்ன கேப்பாங்க. எது வருகிறதோ அதை நோட்டில் எழுதி வையுங்கள். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருக்கிறீர்கள், அவருடைய பயம் உங்களுக்குள்ளேயே இருக்கிறது, அவர் இடத்தில் உட்கார்ந்தால்தான் அது வெளியே வரும். இதில் துரோகம் எதுவும் இல்லை, ஒருவரைப் புரிந்துகொள்ள எடுக்கிற சிரமம் இது. நடுவில் மனசு கனத்துப் போனால், அடைப்புக்குறிக்குள் விளையாட்டை நிறுத்து என்று எழுதுங்கள், பெரும்பாலும் வேடத்தைக் கலைத்துவிட்டுச் சாதாரணமாகப் பேசும்.

நிஜப் பெயர், பள்ளியின் பெயர், கணவர் சம்பளம், வீட்டுச் சண்டை எதையும் அதில் தட்டாதீர்கள். எழுதியது உங்கள் போனோடு நிற்பதில்லை, அந்தக் கம்பெனிக் கணினிக்குப் போகிறது.

பையனிடம் போனைக் கொடுத்துத் தனியாக விடவே வேண்டாம். இப்படிக் கேரக்டர்களோடு பேசுவதற்கென்றே ஆப் நடத்துகிற கேரக்டர் ஏஐ நிறுவனமே 2025 நவம்பரில் 18 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் கேரக்டர்களோடு இஷ்டத்துக்குப் பேசுவதை நிறுத்திவிட்டது. அவனுக்கு நாட்டாமை வேண்டுமென்றால் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு அப்பா உட்காரட்டும்.

மாமியாரிடம் மறுபடி பேச நல்ல நேரம், அவர் கீரை ஆய உட்காருகிற நேரம். கை வேலையாக இருக்கும்போது முகம் பார்க்க வேண்டியதில்லை, எழுந்து போகவும் தோன்றாது. முறத்துக்கு இந்தப் பக்கம் நீங்களும் ஒரு கட்டைப் பிரித்துக்கொண்டு உட்காருங்கள். வேலைக்குப் போகட்டுமா என்று ஆரம்பிக்காமல், நீடாமங்கலம் கேட்டிலிருந்து ஆரம்பியுங்கள். அவர் பேசாமல் இருந்தால் நீங்களும் பேசாமல் ஆய்ந்துகொண்டிருங்கள், கட்டு முடிகிற வரைக்கும் நேரம் இருக்கிறது.