கொச்சிக்காய் அழுகலுக்கு உள்ளிச் சாறு அடிக்கலாமா?

கேள்வி: ஐயா, நிலாவெளியில் அரை ஏக்கரில் கொச்சிக்காய் வைத்திருக்கிறேன். மழை தொடங்கியதும் பழத்தில் வட்டமாகக் குழி விழுந்து அழுகுகிறது. உள்ளி, கறுவா, கராம்புச் சாறு பங்கசைக் கொல்லும் என்று மகள் போனில் வாசித்துக் காட்டினாள். அவித்து அடிக்கலாமா? நஞ்சு அடிக்க மனமில்லை.

பதில்: மகள் வாசித்தது பொய்யில்லை. கராம்பில் உள்ள இயூஜினோல், கறுவாப்பட்டையில் உள்ள சின்னமால்டிகைட் இரண்டுமே ஆய்வுகூடத் தட்டில் பங்கசை வளரவிடாமல் நிறுத்தும். ஆனால் தட்டில் வெயில் இல்லை, வாடை மழையும் இல்லை. தோட்டத்தில் அடித்தால் பாதி காற்றோடு போகும், மீதியை மழை கழுவிவிடும்.

உள்ளியை அவிக்கவே வேண்டாம். பல்லை நசுக்கும்போதுதான் பங்கசைக் கொல்லும் அல்லிசின் உண்டாகும். அதை உண்டாக்கும் நொதியம் சூட்டில் கெட்டுவிடும். பச்சையாக இடித்து, பத்து நிமிடம் விட்டு, தண்ணீரில் கரைத்து வடித்து, அன்றைக்கே பாவிக்க வேண்டும்.

உங்கள் பழத்தில் இருப்பது அந்திரக்நோஸ் என்கிற பங்கசு நோய் போலத் தெரிகிறது. குழியை உற்றுப் பாருங்கள். வளையம் வளையமாகப் புள்ளிகளும், ஈரத்தில் செம்மஞ்சள் பசையும் இருந்தால் அதுதான். அந்தப் பசை முழுக்க வித்திகள். மழைத்துளி தெறித்தாலே பக்கத்துக் காய்க்குப் போய்விடும். குழி விழுந்த பழத்தில் பங்கசு தோலுக்குள் இறங்கிவிட்டது. மேலே அடிக்கும் சாறு அங்கே எட்டாது.

செலவையும் பாருங்கள். லீற்றருக்கு 100 கிராம் என்றால் 16 லீற்றர் தாங்கி ஒன்றுக்கே 1.6 கிலோ உள்ளி. விற்கிற விலைக்குக் கறிக்கே எண்ணித்தான் போடுகிறோம்!

விதைக்கு என்றால் ஒரு பூடு போதும். இந்த நோய் விதையோடும் வரும். நோயில்லாத செடியில் விதை எடுத்து, அரை மணி நேரம் சாற்றில் ஊறவையுங்கள். முதலில் 50 விதையை மட்டும் ஊறவைத்து ஈரத்துணியில் முளைக்கவிட்டுப் பாருங்கள், சாறு கடுத்தால் முளையும் கெடும். என்னைக் கேட்டால், 52 பாகை செல்சியஸ் வெந்நீரில் 30 நிமிடம் வைப்பதில்தான் எனக்கு நம்பிக்கை கூட. வெப்பமானி இல்லாமல் கைச்சூட்டை நம்பி அதைச் செய்யாதீர்கள்.

சரி, இப்போதைக்கு அழுகிய பழங்களைப் பறித்துத் தோட்டத்துக்கு வெளியே புதையுங்கள். மழை விட்டபிறகும் மேலால் தெளிக்காமல் அடியில் தண்ணீர் விடுங்கள். அழுகல் அப்புறமும் பரவினால் பங்கசுநாசினி தேவைப்படும். பச்சையாக விற்கிற காய் என்பதால், அடித்தபின் எத்தனை நாள் பறிக்கக்கூடாது என்று லேபிளில் பாருங்கள். எது அடிப்பதென்று விவசாயப் போதனாசிரியரிடம் கேட்கும்போது இரண்டு பழம் கொண்டுபோங்கள், கடதாசியில் சுற்றி. ஷொப்பிங் பையில் போட்டால் வியர்த்து வேறு அழுகலும் சேர்ந்துவிடும்.