பரணில் இருக்கும் கேசட்டுகள்

அன்புள்ள ஐயா,

எங்கள் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம் ஒரு சிற்றூர். தொண்ணூறுகளின் கடைசியில் என் பெரியப்பாவும் சபை இளைஞர்கள் சிலரும் கேபிள்காரரிடம் ஒரு சேனலைக் கேட்டு வாங்கி ஆராதனை, பிரசங்கம், சபை அறிவிப்புகளை ஒளிபரப்பினார்கள். 2017இல் செட்டாப் பாக்ஸ் வந்ததும் அது நின்றுபோனது. அதன் வரலாற்றை எழுத ஆசை. தமிழகத்தின் முதல் கிறிஸ்தவ உள்ளூர் சேனல் என்று எழுதலாமா? நடுவில் வந்த சபைச் சண்டையைச் சேர்க்க வேண்டுமா? பரணில் இரண்டு சாக்கு வீடியோ கேசட்டுகள் கிடக்கின்றன. பெரிய ஊழியர்களின், அதாவது பேர்பெற்ற பிரசங்கிகளின், பிரசங்கங்களை மட்டும் டிஜிட்டலாக மாற்றிக்கொண்டு மற்றதைக் கழித்துவிடலாம் என்று நினைக்கிறோம்.

வேளச்சேரியிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

முதலில் அந்தச் சாக்குகளில் யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதம் வருவதற்குச் சில நாட்கள் முன்புதான் ராயபுரத்தில் பழைய கேபிள்காரர் ஒருவரைப் பார்த்தேன். எங்கள் பங்கின் ஞாயிறு பூசையைத் தெருத் தெருவாகக் கொண்டுசேர்த்தவர். கேசட்டுகள் எங்கே என்று கேட்டேன். எடைக்குப் போட்டாயிற்று என்றார். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

'முதல்' என்ற பட்டம் வேண்டாம். கேசட்டை ஓட்ட ஒரு வி.சி.ஆரும் படத்தைக் கேபிளில் ஏற்ற ஒரு மாடுலேட்டரும் இருந்தால் அன்று எந்தக் கேபிள்காரரும் சொந்தமாகச் சேனல் நடத்தலாம். 1995ஆம் ஆண்டுக் கேபிள் டி.வி. சட்டப்படி அவர் பதிவு செய்துகொண்டது அந்தந்தப் பகுதியின் தலைமை அஞ்சலகத்தில். யார் முந்தி என்று எப்படிச் சொல்வீர்கள்? சண்டையை எழுதுங்கள், ஒரு பத்தி போதும்.

பக்கவாதத்தில் படுத்த என் அத்தை கோயிலுக்குப் போவது நின்றுவிட்டது. பூசையை அந்தக் கேபிள் சேனலில்தான் பார்ப்பார். கேமரா பின்னாலுள்ள பாடகர் மாடத்தில் இருக்கும். திரையில் தெரிவதெல்லாம் பின்னந்தலைகள். கொண்டையையும் வழுக்கையையும் வைத்தே அத்தை ஆளைச் சொல்லிவிடுவார். "மூன்றாவது பெஞ்சில் டீச்சரைக் காணோம், என்னவென்று கேட்டுவிட்டு வா" என்று என்னை அனுப்புவார். யாருக்கு யாரோடு கல்யாணம் என்று கோயிலில் அறிவிக்கும் கல்யாண ஓலையை வாசிக்கும்போது சத்தத்தைக் கூட்டச் சொல்வார்.

அசிசியின் புனித கிளாரா நோயில் கிடந்தபோது, தான் போக முடியாத கிறிஸ்துமஸ் பூசையை அறைச் சுவரிலேயே கண்டார் என்பது மரபு. அதனால்தான் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலராக அறிவித்தார். அந்தக் கிளாராவின் சபைத் துறவியான மதர் ஏஞ்சலிக்கா 1981 ஆகஸ்ட் 15 அன்று அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஐரன்டேல் என்ற சிற்றூரில், மடத்தின் கார் கொட்டகையில் ஒரு சேனலைத் தொடங்கினார். இன்று அது உலகமெங்கும் போகிறது. போகட்டும், நல்லதுதான். ஆனால் ஐரன்டேலில் யார் இந்த ஞாயிறு வரவில்லை என்று அதைப் பார்த்து ஒரு நோயாளி தெரிந்துகொள்ள முடியாது. உங்கள் பெரியப்பாவின் சேனலில் அது முடிந்தது.

பெரிய ஊழியர்களின் பிரசங்கம் யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது. அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வந்த விளைச்சலை விடும் ஏலத்தில் யார் வீட்டுப் பூசணிக்காயை யார் எவ்வளவுக்கு எடுத்தார், சபையே கூடி உண்ணும் அசனத்துக்கு அண்டாவைக் கிளறியது யார், ஓலையில் யார் மகளுக்கு எந்த ஊர் மாப்பிள்ளை? இதையா கழிக்கப் போகிறீர்கள்? வரலாறு எழுத உட்கார்ந்தவர் கேட்கிற கேள்வியா இது?

உறைமேல் பேனாவில் எழுதியிருப்பதையும் நம்பாதீர்கள். காசில்லாத சேனல் ஒரே கேசட்டில் திரும்பத் திரும்பப் பதிந்திருக்கும். பிரசங்கம் முடிந்த பிறகு நாடாவின் கடைசியில் பழைய ஏலம் கால் மணி நேரம் மிச்சமிருக்கலாம். முழுக்க ஓட்டிப் பாருங்கள். பூஞ்சை பிடித்ததை மட்டும் வி.சி.ஆரில் போட்டுவிடாதீர்கள், நாடாவைப் படிக்கும் ஹெட் கெடும், அடுத்த கேசட்டுக்கும் பூஞ்சை தொற்றும். சாக்கிலிருந்து எடுத்து, ஈரமில்லாத இடத்தில் நிமிர்த்தி அடுக்குங்கள். தயவுசெய்து வேளச்சேரிக்குக் கொண்டுவந்து மழைக்காலத்தில் கட்டிலுக்கடியில் வைக்காதீர்கள். தள்ளியும் போடாதீர்கள். கடைசிவரை தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் வி.சி.ஆர். தயாரிப்பை நிறுத்திவிட்டது. இனி இருக்கிற பழைய பெட்டிகள்தான், அவற்றைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

டிசம்பரில் ஊரே கூடும். அதற்குள் ஏலக் கேசட்டுகளையும் ஓலை வாசித்த கேசட்டுகளையும் மாற்றிவிடுங்கள். சபையின் மூத்த பெண்களை உட்காரவைத்துப் போட்டுக் காட்டி, அவர்கள் சொல்லச் சொல்லப் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். பிரசங்கங்கள் அடுத்த வருடம் வரை காத்திருக்கட்டும்.