இலை கொட்டிய பவழமல்லி: பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறோம். தை மாதம் ஆன்லைனில் 650 ரூபாய் கொடுத்து ஆள் உயரப் பவழமல்லிச் செடி ஒன்று வாங்கினேன். 'வருடம் முழுக்கப் பூக்கும், இலை உதிராத ஹைபிரிட்' என்று போட்டிருந்தார்கள். மாசி முடிவதற்குள் இலையெல்லாம் கொட்டிக் குச்சியாக நிற்கிறது. கேட்டால், தண்ணீர் ஊற்றாதது உங்கள் தப்பு என்கிறார்கள். நான் தினமும் இரண்டு வேளை ஊற்றுகிறேன். செடி செத்துவிட்டதா? பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: முதலில் அந்த இரண்டு வேளைத் தண்ணீரை நிறுத்துங்கள், இலையில்லாத செடி அவ்வளவு குடிக்காது, வேர்தான் அழுகும். மேல்மண் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். அப்புறம் ஒரு கிளையை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள், தோலுக்கடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பவழமல்லி நம் நாட்டுச் செடி, பனி முடிந்து வெயில் ஏறும்போது இலையை உதிர்ப்பது அதன் சுபாவம். கோடை மழை ஒன்றிரண்டு விழுந்தால் கணுக்களில் துளிர் வரும். புதுக்கிளை நுனியில்தான் பூக்கும் என்பதால் நுனிகளைக் கொஞ்சம் நறுக்கிவிட இதுதான் சமயம். ஆவணி, புரட்டாசியில் ஆரம்பித்தால் கார்த்திகை வரை பூவைப் பார்க்கலாம்.

சரி, பணம். இலை உதிர்ந்ததற்காகக் கேட்டால் நிற்காது. ஆனால் 'இலை உதிராது, வருடம் முழுக்கப் பூக்கும்' என்று சொல்லி விற்றதற்காகக் கேட்கலாம், இல்லாத குணத்தைச் சொல்லி விற்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிகம். அந்த விளம்பரத்தை அவர்கள் மாற்றுவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பில்லோடு வைத்துக்கொண்டு, விற்றவருக்கு எழுத்தில் கேளுங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே போக வேண்டுமென்றால், விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. ஆனாலும் 650 ரூபாய்க்காக வாய்தா வாய்தாவாக அலைவதை நான் சொல்ல மாட்டேன், 1915-ஓடு முயன்று பாருங்கள்.

இன்னொன்று வாங்குவதாக இருந்தால் ஆடியில், பக்கத்து நர்சரிக்கே போய், கண்ணால் பார்த்து வாங்குங்கள். உயரத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள். பைக்குள் வேர் வட்டமாகச் சுற்றி இறுகியிருக்கும் ஆள் உயரச் செடியைவிட, ஒன்றரை அடிக் கன்று நம் ஊர் மண்ணில் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். உண்மையில் வாங்கவே தேவையில்லை, காய்த்த செடி இருக்கும் வீட்டில் கேட்டால் அதன் அடியில் விதை விழுந்து முளைத்த கன்று ஒன்று சும்மாவே கிடைக்கும், என்ன, பூக்க இரண்டு மூன்று வருடம் பொறுக்க வேண்டும். எதை வைத்தாலும் கார் நிறுத்தும் இடத்தை ஒட்டி வேண்டாம். ராத்திரி பூத்து விடியற்காலை மொத்தமாகக் கொட்டும், பூக்காம்பில் இருக்கும் காவி நிறம் மிதிபட்டால் தரையில் கறையாகிவிடும்.